ஸ்கேன் மையத்தின் காத்திருப்பு அறை வைஃபை தொடர்பாக

அனுப்புநர்:
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்.
(மனு பல மேசைகளுக்குப் போகும் என்பதால் என் பெயரும் மகளின் பெயரும் முகவரியும் மையத்தின் பெயரும் ஒட்டிய உறையில் தனியே உள்ளன.)

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: நோயாளிகளுடன் வருவோருக்குத் தரப்படும் வைஃபையை மையத்தின் கணினிகளிலிருந்து பிரிக்க உத்தரவிடவும், என் மகள் மீதான பழியை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. சென்ற மாதம் ஐந்தாம் தேதி வயிற்றுவலிக்காக அந்த மையத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். என் மனைவிக்கு விடுப்பு கிடைக்காததால், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் துணைக்கு வந்தாள்.

2. மருத்துவரின் சீட்டு என் கைப்பேசியில் இருந்தது. அதை அச்செடுக்க வேண்டும் என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண்மணி என் மகளிடம், "சுவத்துல பாஸ்வேர்டு ஒட்டியிருக்கு பாரு கண்ணு, அதப் போட்டு நீயே பிரிண்ட் குடுத்துடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

3. நான் உள்ளே இருந்த நேரத்தில், கைப்பேசியில் மையத்துக் கணினியின் அறிக்கைகளும் பூட்டில்லாமல் தெரிந்திருக்கின்றன. "அப்பா பேரு இருந்துச்சு, அதான் தொட்டுட்டேன்" என்று பிற்பாடு சொன்னாள். புரியாத சொற்களுக்கு அதே வைஃபையிலேயே அர்த்தம் தேடியிருக்கிறாள். எனக்கு மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை, அவள் பத்துப் பேர் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து தெரிந்துகொண்டாள்.

4. வெளியே வந்து, "ஒண்ணுமில்லடா, சின்னக் கல்லுதான், மாத்திரையில கரைஞ்சிடும்" என்றேன். "சரிப்பா" என்றாள். முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை அவளிடம் சொல்வதில்லை என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். பதினோரு நாள் அவளும் எதுவும் தெரியாதவளாகவே இருந்தாள். காலையில், "கல்லு கரைஞ்சிடுச்சாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். நாங்கள் அவளை ஏமாற்றுவதாக நினைத்தோம். எங்கள் மனம் நோகக் கூடாதென்று குழந்தை எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது, அம்மா.

5. பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்காதீங்கப்பா, எனக்கு எல்லாம் தெரியும்" என்று கதறிவிட்டாள். அன்று மூவரும் சாப்பிடவில்லை.

6. எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் விசாரித்தேன். வருவோருக்கென்று தனி இணைப்பு வைத்தால் அவர்கள் இணையத்தைப் பார்க்கலாம், அலுவலகக் கணினிகள் கண்ணிலேயே படாது என்றார். மையத்தில் கேட்டபோது, முன்பு அப்படித்தான் இருந்ததாம். அந்த இணைப்பிலிருந்து பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று வருவோர் சலித்துக்கொண்டதால், அலுவலகப் பாஸ்வேர்டையே சுவரில் ஒட்டிவிட்டார்களாம். ஒரு தாளை அச்செடுக்கும் வசதிக்காக அத்தனை பேருடைய நோயையும் திறந்து போட்டிருக்கிறார்கள்.

7. உரிமையாளருக்கு எழுதினேன். "தங்கள் மகள் அனுமதியின்றி எங்கள் கோப்பைத் திறந்தது குற்றம், நடவடிக்கை எடுக்க நேரிடும்" என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் அவள் கையில் கிடைத்துவிட்டது. அன்று முதல், "நான் திருடிட்டேனாப்பா?" என்று கேட்கிறாள். தேர்வுக்குப் புத்தகத்தைத் தொடவில்லை.

8. மையத்தை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வரவேற்புப் பெண்மணியை வேலையிலிருந்து எடுத்துவிடவும் வேண்டாம். தாங்கள் நேரில் ஆய்வு செய்து, சுவரிலுள்ள பாஸ்வேர்டை மாற்றவும், வருவோர் இணைப்பைத் தனியே பிரிக்கவும், அறிக்கைகளுக்குப் பூட்டுப் போடவும் உத்தரவிட வேண்டும். மற்ற மையங்களிலும் பார்த்தால் புண்ணியமாகப் போகும்.

9. இன்னொன்று. தங்கள் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். என் மகள் பெயருக்கு அனுப்புங்கள். "உன் மீது தவறில்லை" என்ற ஒரு வரி, தங்கள் கையெழுத்தோடும் முத்திரையோடும் போதும். நானும் தினமும் சொல்கிறேன். ஒருமுறை பொய் சொன்ன அப்பா ஆறுதலுக்காக இன்னொன்று சொல்கிறார் என்று நினைக்கிறாள்.

மனுக்களுக்குப் பதில் தர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மருத்துவர் எனக்குச் சொல்லியிருப்பது அதைவிடக் குறைவு. அந்த வரியை அவள் படிக்கும்போது பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள், அம்மா.

இடம்: வீடு
தேதி: மார்ச் 14

தங்கள் கருணையை வேண்டும்,
(கையொப்பம்)
ஒரு மகளின் தந்தை