படகு வழியில் வளர்ந்த புல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். படகுதான் வீட்டுக்குப் பின்னால் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது.

உன் அலுவலகம் நடத்தும் கடற்புல் நடும் வேலையில் உன் அம்மாவைச் சேர்த்துவிட்டவள் நீதான். கொடி ஊன்றி அளந்துவிட்ட இடத்தில் அவளும் மற்ற பெண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து குனிந்து நட்டார்கள். புயலில் மணல் மூடி, அங்கே இப்போது ஒரு இலைகூட இல்லை. ஆனால் கூடையில் மிஞ்சிய நாற்றையெல்லாம் திரும்பி வரும்போது நம் படகு வெளியேறும் வழியிலேயே ஊன்றி வைத்திருக்கிறாள் மகராசி. கேட்டால், "உசிரோட இருக்கறத எப்படிங்க தூக்கிப் போடறது?" என்கிறாள். அலை அடிக்காத ஒதுக்குப்புறம். மளமளவென்று பரவிவிட்டது.

புல் வேர்விட்ட இடத்தில் இன்ஜின் ஓட்டக் கூடாது என்று உன் அலுவலகத்துக்காரர் பலகை அடித்துவிட்டுப் போய்விட்டார். கழியால் தள்ளிப் போகலாமே என்பாய். நம் படகின் கனத்துக்கு, தரையில் உரசும் அடிமரம் புல்லை உழுதுவிடும். மற்றவர்கள் கடலுக்குப் போய் வருகிறார்கள். நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன், ஜன்னல் வழியே படகைப் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிறது, மகளே. உன் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். அவள் பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

படகு அகலத்துக்கு மட்டும் புல்லை எடுத்துவிட அனுமதி கேள் என்று உன் மாமா நச்சரிக்கிறார். "மச்சான், உங்க பொண்ணு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்கிறார்.

நேற்று தண்ணீர் வற்றியதும் அனுமதியாவது ஒன்றாவது என்று நானே இறங்கினேன். ஒரு கொத்தை இழுத்தேன். மண்ணோடு வந்தது. இறால் குஞ்சுகள் உள்ளங்கையில் துள்ளின. நிமிர்ந்தால் கரையில் உன் அம்மா. தடுக்கவில்லை. "பிடுங்குங்க. கூடையக் கொண்டாரேன், வேற எங்கயாச்சும் நட்டுப் பாக்கறேன்" என்றாள். வேறு எங்கே நட்டாலும் பிழைக்காது என்று அவளுக்கும் தெரியும். கொத்தை அதே குழியில் வைத்துக் காலால் அழுத்திவிட்டு ஏறி வந்தேன்.

உன் மாமா சொன்னபடி அனுமதி கேட்டு உன் அலுவலகத்துக்குத் தனியாக மனு எழுதியாயிற்று. இப்போது உன் அப்பாவாகக் கேட்கிறேன்: கொடுத்துவிடாதே. முடியாது என்று அலுவலகத் தாளில் முத்திரை குத்தி அனுப்பு. அதை வைத்துக்கொண்டு உன்னையும் உன் அலுவலகத்தையும் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருப்பேன். அவளைத் திட்ட வேண்டியிருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாயிரு, அம்மா.

உன் அப்பா