பேனரில் இருக்கும் பிள்ளை

மச்சானுக்கு,

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் உங்கள் பேனரைப் பார்த்தேன். 'இந்திய ஹாக்கி அணி கோல்கீப்பர் சத்யாவை வரவேற்கும் தாய்மாமன்' என்று மீசையோடு நிற்கிறீர்கள். எட்டாவது ஃபெயிலானாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்.

இந்தத் தாய்மாமன் அவள் சடங்குக்கு ஏன் வரவில்லை? "டவுசரு போட்டுக்கிட்டு ஓடுற கழுதைக்கு நான் சீர் தூக்கணுமா?" என்றீர்கள். மாமன் மாலை இல்லாமலே என் மகள் மணையில் உட்கார்ந்தாள். உங்கள் தங்கச்சி அன்றைக்கு அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவில் முதல் மாலை உங்கள் உரிமை என்று ஆள் விட்டிருக்கிறீர்கள். மேடை ஏறினால் இறக்கிவிடுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதற்குள் பேனரைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். பேனரில் உங்கள் பக்கத்தில் மட்டையோடு ஓடுகிற பிள்ளை அவள் இல்லையாம், கூட ஆடும் பஞ்சாப் பிள்ளையாம். கோல்கீப்பர் ஹெல்மெட்டுக்குள் மகள் முகம் தெரியாமல், நானே ஒரு மேட்ச் முழுக்க எதிர் டீம் கோல்கீப்பருக்குக் கைதட்டியவன்தான். ஆனால் நான் பேனர் அடிக்கவில்லை.

"மாமாவ வைய்யாதீங்கப்பா. பேனர்ல இருக்குற பிள்ளைக்கே மாலையப் போடட்டும்" என்றாள்.

பஞ்சாப் ரொம்பத் தூரம் மச்சான். இன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்