விடியற்கால வெந்நீருக்காக வெட்டப்படும் ஊற்றடிச் சோலை

அனுப்புநர்:
சே. முனிரத்தினம்,
கேம்ப் சாலை, சேலையூர்,
சென்னை – 73.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: தேனட்டியில் எங்கள் விடுதிக்காகச் சோலைமரங்கள் வெட்டப்படுதல் – உடனே தடுத்திட வேண்டுதல்.

மாண்பமை ஐயா,

1. தேனட்டி மலைச்சரிவில், மின்கம்பி எட்டாத இடத்தில், மேடைப் பேச்சாளனான நானும் என் மேடைத் தோழர் சம்பந்தமும் நான்காண்டுகளாகச் சுற்றுலா விடுதி ஒன்றை நடத்தி வருகிறோம். விளக்கெரிய ஓடைநீரில் சுழலும் சிறு மின்னாக்கி உண்டு. அடுப்புக்கு எங்கள் நிலத்துச் சீகைமரக் கிளைகள். குளிப்பதற்கு வெயிலில் சூடேறும் நீர். மலைப்பனியில் அது சூடேற நண்பகலாகும். ஆகவே நண்பகலில்தான் குளியல் என்பது விடுதியின் நெறி. விடியற்குளிருக்குத் தடித்த கற்சுவரும் கம்பளியும் போதும்.

2. தொடக்க விழாவைச் சேலையூரில் நடத்தினோம். "குளிரைக் காண வாருங்கள், காட்டை எரித்துக் குளிர்காய வாராதீர்கள்" என்று முழங்கினேன். தலைமை வகித்த சம்பந்தம் என்னைத் தழுவிக்கொண்டு, விடுதியை ஒட்டிய சோலையில் ஒரு கிளையும் ஒடியாது என அவையறிய உறுதி கூறினார்.

3. வந்த குடும்பத்தாருள் பலர் குளிக்காமல் காப்பியைக்கூடத் தொடாதவர்கள். விடியலிலேயே வெந்நீர் கேட்டனர். நான் அங்கிருந்தவரை வாதிட்டும் கெஞ்சியும் அவர்களைக் காக்கவைத்தேன். தொண்டை நோய்க்கு மருத்துவம் பார்க்க நான் சேலையூர் திரும்பியதும், சம்பந்தம் பெருங்கொப்பரைகளை நிறுவிவிட்டார். விழுந்த மரங்களை அகற்றத் தங்கள் அலுவலகத்தில் பெற்ற இசைவைக் காட்டி, நிற்கும் சோலைமரங்களை வெட்டி எரிக்கிறார்.

4. அச்சோலையின் நடுவில்தான் ஊற்று உள்ளது. கீழேயுள்ள தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புக்கு அதுவே குடிநீர். சோலையைத் தொடமாட்டோம் என்று விடுதி கட்டுமுன் அவர்களிடமும் பேசியிருந்தேன். சென்ற வாரம் நான் நேரில் சென்றபோது, அங்கு வாழும் அம்மணி என்பவர் குடத்தைச் சாய்த்துக் காட்டினார். "ஊத்து சேறாக் கெடக்குதுங்க ஐயா. உங்க பேச்சைக் கேட்டுத்தானுங்களே விடுதி கட்டச் சம்மதிச்சோம்" என்றார்.

5. சம்பந்தத்திடம் கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "இன்னாண்ணா, மேடையில நீ கைதட்டு வாங்கிட்டே. காலைல பல்லு கிட்டிக்கினு நிக்கிறவனுக்கு உன் பேச்சை மொண்டா ஊத்தறது?" அருகிருந்தோர் சிரித்தனர். மாற்றார் எறிந்த கற்களை மேடையில் தாங்கியவன் நான். அச்சிரிப்பைத் தாங்க இயலவில்லை. இது போதாதென்று, தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தருகே என் படத்தின்கீழ் "விடியலிலேயே வெந்நீர்" என்று சுவரொட்டியும் ஒட்டியிருக்கிறார். என்னை நம்பும் மக்களை என் முகத்தைக் காட்டியே அழைக்கிறார், ஐயா.

6. ஊற்றைச் சூழ்ந்து ஒரு வரிசை மரங்களே எஞ்சியுள்ளன. மார்கழிக் கூட்டம் வருமுன் அவற்றையும் வெட்ட ஆள் பேசப்பட்டுள்ளது. தாங்கள் நேரில் பார்வையிட்டு, அவ்விசைவை விலக்கி, வெட்டுவதைத் தடுத்திட வேண்டுகிறேன். அதனால் விடுதியையே மூட நேருமாயின் மூடிவிடுங்கள். அதில் பாதி என்னுடையது. குரல் போன எனக்கு வேறு பிழைப்பும் இல்லை. ஆயினும் அம்மணியின் குடத்தை வெறுமையாக்கித்தான் அவ்விடுதி நடக்க வேண்டுமெனில், அது நடக்க வேண்டா.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சே. முனிரத்தினம்

இடம்: சேலையூர்
நாள்: 20.11.1994 (திருவள்ளுவர் ஆண்டு 2025, கார்த்திகைத் திங்கள்)

படி: திரு. சம்பந்தம், தேனட்டி. அவர் எனக்குத் தெரியாமல் வெட்டினார். நான் அவருக்குத் தெரியாமல் முறையிட விரும்பவில்லை.