நீங்கள் விரும்பி வாங்கிய வீடு

அப்பா,

இன்று காலையில் அலுமாரியை ஒதுக்கும்போது உங்கள் வெள்ளைச் சட்டை கையில் அகப்பட்டது. பூச்சி உருண்டையின் மணத்தையும் மீறி அதில் உங்கள் சுருட்டு மணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் மட்டும் போடுகிற சட்டை. வீடு பார்க்கப் போன அன்றும் அதைத்தான் போட்டீர்கள். "வீடு பார்க்கிறதுக்கு என்னத்துக்கு அப்பா இது?" என்று கேட்டேன். "நாங்கள் வீட்டைப் பார்க்கப் போறம். அவை எங்களைப் பார்ப்பினம், பிள்ளை" என்றீர்கள்.

அம்மா போன பிறகு உங்களுக்கு ஊர்காவற்றுறைக் கரை வெறுத்துவிட்டது. மாரி வந்தால் முற்றத்துக்குள் கடல் வரும். கிணற்றில் உவர்த் தண்ணீர். குடிக்க ஒரு குடம் பிடிப்பதற்குத் தண்ணீர்ப் பவுசர் லொறி வரும்வரை காத்திருக்கவேண்டும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள ஒரு வீடு, கடல் இரைச்சல் கேட்காத தூரத்தில். உங்கள் ஆசை அவ்வளவுதான். "சீவியம் முழுக்க அதின்ரை கத்தலைக் கேட்டாச்சு. இனிக் காணும்" என்றீர்கள்.

தரகர் எங்களைச் சரவணைக் கிராமத்தையும் தாண்டி உள்ளே கூட்டிப்போனார். பனைகளுக்கு நடுவே, சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர் லண்டனில். பக்கத்து வளவு வீட்டில் இருந்த அவருடைய தங்கை திறப்போடு வந்து கதவைத் திறந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று விறாந்தையில் கதிரை போட்டார். தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தி கூரை ஓடுகளையும் வளை மரங்களையும் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தீர்கள்.

"நீங்கள் எவடம்?" என்று கேட்டார்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் நீங்களே முந்திக்கொண்டீர்கள். "ஊர்காவற்றுறைக் கரை அம்மா. எங்களுக்குக் கடல் தொழில்."

அதற்குப் பிறகு தேத்தண்ணி வரவில்லை. அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. குரல் மட்டும் மாறிவிட்டது. நீங்கள் அதைக் கவனித்தீர்களோ இல்லையோ, எழுந்து கிணற்றடிக்குப் போய், "தண்ணி எப்பிடியெண்டு ஒருக்காப் பார்க்கட்டோ?" என்று வாளிக் கயிற்றில் கை வைக்கப் போனீர்கள்.

"வேண்டாம், வேண்டாம். நான் அள்ளி விடுறன்" என்று அவர் ஓடிவந்தார்.

வாளியை உயர்த்திப் பிடித்து வார்த்தார். நீங்கள் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துக் குடித்தீர்கள். தண்ணீர் முழங்கையால் வழிந்து சட்டையை நனைத்தது. "அருமையான தண்ணி, அம்மா" என்றீர்கள். அவர் உங்களைவிட எவ்வளவோ இளையவர். தரகர் தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி வாட்டில் நேர்ஸாக அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற நான் அங்கே நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்த வீடு வேண்டாம் அப்பா" என்றேன்.

"ஏன்? ஓடு நல்லது. வளை நல்ல வைரமான மரம். தண்ணி தேன்."

"அந்த மனிசி உங்களை வாளியைத் தொட விடேல்லை."

"நான் தாகத்துக்குக் குடிக்கேல்லைப் பிள்ளை. உவரோ எண்டு பார்க்கக் குடிச்சனான். வாங்க வந்தவன் பார்க்காமல் போவானே?"

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்காகச் சிரித்ததா, எனக்காகச் சிரித்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊருக்குள் இரண்டு மூன்று பேர் லண்டனுக்குப் போன் எடுத்து, எங்களுக்கு விற்கவேண்டாம் என்று சொன்னதாகத் தரகர் சொன்னார். சொந்தக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனித் திரும்பி வராதவருக்கு யார் வாங்கினால் என்ன? உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது.

குடிபுகுந்த அன்று எங்கள் வேதக் கோயில் சுவாமியார் வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். கரையிலிருந்து எங்கள் ஆட்கள் வந்தார்கள். ஊராருக்கென்று நீங்கள் ஒரு சைவச் சமையல்காரரைத் தேடிப் பிடித்து, புதுப் பானை சட்டி வாங்கிக் கொடுத்து, மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைப்பித்தீர்கள். முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தீர்கள். இந்தச் சட்டையோடு காலையிலிருந்தே வாசல் படலையடியில் நின்றீர்கள்.

"வாங்கோ தம்பி, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"பிறகு வாறன் ஐயா." சைக்கிள் நிற்காமலே போகும்.

சித்தப்பா வந்து, "காணும் அண்ணை, உள்ளை வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் அசையவில்லை. மத்தியானம் கழிந்த பிறகு, அன்று தண்ணீர் வார்த்த பக்கத்து வளவுக்காரி படலைக்கு வெளியே வந்து நின்று, "எனக்கு இண்டைக்கு விரதம்" என்றார். "அதுக்கென்ன அம்மா, இன்னொரு நாளைக்கு" என்றீர்கள். அன்று ஒரு விரதமும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பின்னேரம் அந்தச் சாப்பாட்டை ஓட்டோவில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினோம்.

நான் குசினிக்குள் நின்று, நீங்கள் கூப்பிடுகிற ஒவ்வொரு குரலுக்கும் குறுகிப்போனேன். அந்த வெட்கம் அவர்களுக்கு வந்திருக்கவேண்டும். வழி தவறி என் முகத்தில் ஏறியது ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. "ஏன் அப்பா இப்பிடி நிண்டனீங்கள்?" என்று அழுதேன். "கூப்பிடுறது என்ரை வேலை. வாறது அவையின்ரை எண்ணம்" என்றீர்கள்.

பிறகு நீங்கள் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தீர்கள். விடியற்காலையில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டு ஞானப்பாட்டுப் படிப்பீர்கள். கிணற்றடியில் வாழை வைத்தீர்கள். இரண்டாவது மாரியில் சளி நெஞ்சில் கட்டி, என் ஆஸ்பத்திரியிலேயே, என் கையிலேயே போய்விட்டீர்கள். உங்களை வீட்டிலிருந்து அடக்கத்துக்காகக் கரைக்கு ஏற்றிப்போனபோது ஊரார் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அன்றும் உள்ளே வரவில்லை.

இப்போது வருகிறார்கள், அப்பா. சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் இப்போது "நேர்ஸ் பிள்ளை". காய்ச்சல் என்றால், சீனி ஏறிவிட்டது என்றால், படலைக்கு வந்து கூப்பிடுகிறார்கள். போகிறேன். கதிரை தருகிறார்கள். கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி தருகிறார்கள். "உங்கடை அப்பா நல்ல மனிசன்" என்று வேறு சொல்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்காத தேத்தண்ணி என்று நினைத்துக்கொண்டே குடித்து முடிக்கிறேன். உங்கள் வலைதான் என்னைப் படிப்பித்தது. அந்த வலைக்காக உங்களைப் படலைக்கு வெளியே வைத்தவர்கள், அதனால் வந்த என் படிப்புக்காக எனக்குக் கதவு திறக்கிறார்கள். அந்தக் கதவுகளுக்குள் நுழையும்போதெல்லாம் உங்களை வெளியே நிற்கவிட்டுப் போகிறவளைப்போல எனக்குக் கூசுகிறது. போகாமலும் இருக்க ஏலாது. நோயாளி என்று வந்தால் நான் போகத்தானே வேண்டும்.

போன கிழமை பக்கத்து வளவு அக்கா தலைசுற்றி விழுந்துவிட்டார். பிரஷர் பார்க்கும் கருவியோடு ஓடினேன். படுக்கவைத்து, மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உங்கடை அப்பா என்னிலை கோவத்தோடைதான் போனவரோ?"

மற்றக் கையால் அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன்.

"இல்லை அக்கா. அவருக்கு ஒருத்தரிலையும் கோவம் இருக்கேல்லை."

உண்மையைத்தான் சொன்னேன், அப்பா. ஆனால் அதைக் கேட்டு அவர் அவ்வளவு ஆறுதலாக மூச்சு விட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் ஒரு நாளாவது கோபித்திருக்கலாம். நீங்கள் கோபிக்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து இப்போது என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே, அவர் நித்திரையாகும்வரை நாடியைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன்.

உங்கள் பிள்ளை