முட்டை பொரிக்கத் தெரியாத மகனுக்கு

நாகலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கோகுல் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. மலையில் மழை விட்டுவிட்டது, நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பது நேற்றுப் போனில் கேட்ட சிரிப்பிலேயே தெரிந்தது. இளவரசிக்குக் காய்ச்சல் இறங்கியதா, அதை முதலில் எழுது.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் என் காதிலும் விழுந்தது. காய்ச்சலோடு வேலைக்குப் போய்வந்த உன் மனைவி, வந்த கையோடு உனக்குச் சப்பாத்தி தேய்த்தாளாம். நீ செய்யக் கூடாதா சாமி என்று அம்மா கேட்டால், எனக்கு முட்டைகூடப் பொரிக்கத் தெரியாதும்மா என்று சிரிக்கிறாய். முப்பத்திரண்டு வயது, ஜெர்மனியில் இன்ஜினியர், இதில் சிரிப்பு வேறு! வந்த ஆத்திரத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ கவலைப்படுவாய் என்று அம்மா மறைத்ததை இப்போது சொல்கிறேன். போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சேலத்தில் மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன், இப்போது வலி இல்லை, பயப்படாதே. மறுநாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா, பேப்பரை விரித்துக்கொண்டு பலகாரத்துக்குக் காத்திருந்தேன். எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக முப்பது வருடம் பிறரை வேலை வாங்கிய புத்தி. உள்ளே டப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால், இடது கையால் உடைக்கப் போய் ஒரு முட்டை தரையில், ஒன்று அவள் சேலையில். ஏனுங்க, இதுக்கு ரெண்டு கை வேணுமுங்க, எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குது என்றாள். அவள் கோபப்படவில்லை, எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவளை உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல நானே செய்தேன். நீயும் கேட்டுக்கொள். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாயைத் தண்ணீர் சுண்ட வதக்கித் தனியே வை, ஈரம் இருந்தால் ஆம்லெட் கிழியும், எனக்கு முதலாவது கிழிந்தது. மூன்று முட்டையை உப்பும் மிளகுத்தூளும் போட்டு அடித்து, தீயைக் குறைத்து, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்று. மேல்பக்கம் லேசாக ஈரமாக இருக்கும்போதே வதக்கியதை ஒரு பாதியில் பரப்பி, மறுபாதியை மடித்து மூடிவிடு. உள்ளே வேக ஒரு நிமிடம் விடு. அவ்வளவுதான், இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னாள், கல்யாணமாயி இந்த ஊட்டுக்கு வந்து, சூடு ஆறாம நான் உக்காந்து தின்னது இன்னிக்குத்தானுங்க, நொம்ப நல்லா இருக்குது என்று. முப்பத்தைந்து வருடம், கண்ணு. என் ஆத்திரம் உன்மேல் மட்டும் இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க நம் மலைச்சாமி சேர்வராயன் காப்பாற்றட்டும். இளவரசியை இரண்டு நாள் லீவு போடச் சொல். உன்னை இப்படி வளர்த்ததற்கு மாமனார் மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்.

உன் அப்பா,
தேவசிகாமணி