கடாரம் வரை போன கப்பல்

7 செப். 98, திங்கள்
டெல்லிப் புழுக்கம். விடியற்காலை நாலு தூறல், அதோடு சரி. காயாத புடவையிலேயே ஆபீஸ்.

இந்தி விழா நோட்டீஸ் வந்துவிட்டது. பேச்சுப் போட்டித் தலைப்பு: வரலாற்றில் வலிமை மிகுந்த பேரரசு எது? பக்கத்து சீட் திவாரிஜிக்கு மூன்று வருடமாக முதல் பரிசு. இந்த முறை முகலாயர் பற்றிப் பேசுகிறாராம். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னார், இந்தியில்தான்: "மௌரியர், முகலாயர். மூணாவதா யாரு மேடம்? உங்க பக்கம் எல்லாம் சின்னச் சின்ன ராஜாதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அதுதான் ஆத்திரம். நான் பிறந்தது ஜெயங்கொண்டம். சோழன் தலைநகருக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம்.

நாலு மணிக்குப் பெயர் கொடுத்தேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "ஆப்? ஹிந்தி மே?" நீங்களா, இந்தியிலா என்று.

ஆமாம், நான்தான்.

9 புதன்
உளுந்து தீர்ந்தது. ஏழிலிருந்து எட்டரை வரை கரண்ட் இல்லை.

மகள் ரஞ்சனியின் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினேன். முகலாயருக்கு மூன்று பாடம். சோழருக்கு அரைப் பக்கம். "கடாரம்னா என்னம்மா?" என்கிறாள். டெல்லியில் பிறந்தவள்.

நிலப்பரப்பில் நாம் தோற்கிறோம். மௌரியர் பெரிது, முகலாயரும் பெரிது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆண்ட வருடக் கணக்கில் சோழர் கூடுதல். ஆனால் ரொம்ப நாள் இருப்பது வலிமையா? எங்கள் செக்‌ஷன் கூலரும்தான் ரொம்ப நாளாக இருக்கிறது.

12 சனி
நூலகத்தில் இரண்டு மணி நேரம். கிடைத்துவிட்டது!

முகலாயருக்குப் பீரங்கி, குதிரை, யானை எல்லாம் உண்டு. கடலில்தான் பலமில்லை. ஹஜ் போகும் கப்பலுக்குக்கூடப் போர்ச்சுகீசியரிடம் அனுமதிச் சீட்டு. அதற்கு ஐந்நூறு வருடம் முன்னாலேயே சோழன் படை வங்கக் கடலைத் தாண்டிக் கடாரத்தில். பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தேன். கண்டக்டர் முறைத்தார்.

சாயங்காலம் ஒத்திகை. ரஞ்சனி கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு: "சேனா கயா இல்லம்மா, சேனா கயீ. சேனா பொம்பளை."

"சண்டை போடுற சேனை எப்படிடி பொம்பளையாச்சு?"

"ஹிந்தில அப்படித்தான். ஜஹாஸ் ஆம்பளை."

படை பெண். கப்பல் ஆண். கடலும் ஆண். பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர்: "இந்த வயசுல தேவையா உனக்கு இது?"

தேவை.

15 செவ்வாய்
ஜெயித்தேன்.

வரிசையாக எழுதுகிறேன். முதலில் திவாரிஜி. அருவி மாதிரி. செங்கோட்டை, தாஜ்மகால், காபூலிலிருந்து வங்காளம் வரை. பலத்த கைதட்டல். அடுத்து நான். முதல் வாக்கியத்திலேயே சேனையை ஆணாக்கிவிட்டேன். பின்வரிசையில் சிரிப்பு.

நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். "என் இந்தியில தப்பு இருக்கும். என் சரித்திரத்துல தப்பு இருந்தா அப்பச் சிரிங்க" என்றேன், அதே ஓட்டை இந்தியில். ஹால் அடங்கியது. அனுமதிச் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். கப்பல்களைச் சொன்னேன். கடைசியாகத் திவாரிஜி பக்கம் திரும்பி: "உங்க ராஜ்யம் எங்கே முடியுதோ, அங்கேதான் எங்க ராஜ்யம் ஆரம்பம். கடல்!"

ஹால் முழுக்கக் கைதட்டல். முதலில் எழுந்து நின்று தட்டியவர் திவாரிஜி.

நடுவராக வந்த பேராசிரியை அம்மா: "இலக்கணத்துக்கு மார்க்கைக் குறைச்சேன். அப்பவும் இவங்கதான் முதல்."

பரிசு, இந்தி அகராதி. தலையணை கனம். லக்ஷ்மிபாய் நகர் வீடு வரை ஆட்டோவில் மடியிலேயே.

பாத்திரம் துலக்கும்போது, சோழன் படை இறங்கிய அன்றைக்குக் கடாரத்து ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. ஒரு நிமிஷம்தான். பிறகு மறுபடி சந்தோஷம்.

16 புதன்
திவாரிஜி அட்லஸோடு வந்தார். "எங்கே, அந்தக் கடாரத்தைக் காட்டுங்க."

மலேசியாவில் விரலை வைத்தேன்.

"இவ்வளவு தூரமா? பாய்மரத்துலயா?"

"ஆமாம் திவாரிஜி."

டீ ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தால் ரஞ்சனி போனில். யாரோ தோழியிடம் இந்தியில் கத்திக்கொண்டிருக்கிறாள்: "எங்க மம்மி முகலாயர்களைத் தோற்கடிச்சிட்டாங்க!"

திவாரிஜியை மட்டும்தான். திருத்தவில்லை.