கவிழ்த்த கூடையை நிமிர்த்தினேன்

என் பிரியமான அண்ணிக்கு,

நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. உன் மகள் அஞ்சலை இப்போதுதான் ஒரு வாய் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள், பேரன் தவழ்கிறான். ஊர்வலம், கலவரம் என்று பூட்டிக் கிடந்த அண்ணாமலை நகர் காலேஜும் திறந்துவிட்டது. ஹாஸ்டலுக்கு மீன் எடுக்கிற சிதம்பரத்து மாமா வந்து உன்னைத் தேடினார், விஷயம் தெரிந்ததும் மீன் எடுக்காமலே போய்விட்டார்.

இன்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதானால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

நம் முதுநகர் மீன் மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். காலையில் திடீரென்று ஓர் அதிகாரி நோட்டோடு வந்து நின்றார். புது மார்க்கெட்டில் இடம் கொடுக்க, உட்கார்ந்திருப்பவர் பெயரை மட்டும்தான் எழுதுவாராம், காலி இடமெல்லாம் ஏலத்துக்குப் போகுமாம்.

உன் இடத்தில் நம் வழக்கப்படி உன் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அங்கே யாரும் உட்காரக் கூடாது, அஞ்சலையும் வாசல் தாண்டக் கூடாது. புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

என் மீனை அள்ளிக்கொண்டு போய், உன் கூடையை நிமிர்த்திக் கொட்டி, உட்கார்ந்தேன்.

எதிரில் இருந்த பாக்கியம் அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. “பதினாறு கூட ஆவல. கூடைய நிமுத்த உனுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். “பேரு?”

“அஞ்சலை.”

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு பாக்கியம் அக்காவிடம் திரும்பி, “இவங்கதான் அஞ்சலையா?” என்றார்.

அவள் என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாம் போச்சு.

“அஞ்சலைதான் சார். எளுதிக்கோ.”

எழுதினார். மூன்று இடம் தள்ளி, என் இடத்துக்கு வந்து, காலி என்று எழுதினார். பாக்கியம் அக்கா வாயைத் திறக்கப் போனாள், நான் தலையாட்டித் தடுத்தேன். வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இருபது வருஷம் உட்கார்ந்த இடம்.

பதினேழாம் நாள் அஞ்சலையை நானே கூட்டிப்போய் உன் இடத்தில் உட்காரவைப்பேன், இது சத்தியம். மார்க்கெட் இரைச்சல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் செம்மண்டலத்தில் தெருத்தெருவாக விற்கப்போகிறேன் என்று அவளிடம் சொல்வேன். மார்க்கெட்டில் யாரும் மூச்சு விட மாட்டார்கள். அவள் கனவுக்குப் போனால், நீயும் சொல்லிவிடாதே.

உன் நாத்தனார்,
செங்கேணி